ஏ. கே. செட்டியாரும் நூறு ஒளிப்பதிவாளரும்

(உரைநடைப் பாடம்)

நுழையும் முன்

1930ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள், காந்தியடிகள் சபர்மதி ஆசிரமத்திலிருந்து தண்டிக் கடற்கரையை நோக்கி நடக்கத் தொடங்கினார். கோலூன்றி விரைந்து செல்லும் அவரது தோற்றத்தைப் பலமுறை திரையில் கண்டிருப்பீர்கள். அந்தக் காட்சி இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், அன்று படக்கருவியைச் சுமந்துகொண்டு வெயிலில் உடன் சென்றவர்களே ஆவர். அவர்களுள் ஒருவர் பெயரையேனும் நாம் அறிவோமா? நடந்தவரை உலகம் அறியும். நடந்ததைப் பதிவு செய்தவரை உலகம் அறியாது. அத்தகைய உழைப்பாளர்களின் வாழ்வையும், அவர்கள் எடுத்த காட்சிகளை நாடு நாடாகச் சென்று தேடிச் சேர்த்த ஒரு தமிழரின் முயற்சியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆவணப்படமும் ஒளிப்பதிவாளரும்

திரைப்படங்கள் இருவகைப்படும். கற்பனைக் கதையை நடிகர்களைக் கொண்டு நடிக்கச் செய்து எடுப்பது கதைப்படம். உண்மையான மனிதர்களையும் நிகழ்ச்சிகளையும் உள்ளவாறே பதிவு செய்வது ஆவணப்படம். கதைப்படத்தில் ஒரு காட்சி சரியாக அமையவில்லையெனில் மீண்டும் எடுக்கலாம். மழை வேண்டுமெனில் செயற்கையாகப் பொழியச் செய்யலாம். ஆவணப்படத்தில் அதற்கு இடமில்லை. வெள்ளம் வடிந்தபின் வெள்ளத்தைப் படமெடுக்க இயலாது. தலைவர் பேசி முடித்தபின் அப்பேச்சை மீண்டும் நிகழ்த்துமாறு வேண்டவும் இயலாது. ஆதலின், ஆவணப்பட ஒளிப்பதிவாளருக்கு முதலில் வேண்டுவது காத்திருக்கும் பொறுமை. அடுத்து வேண்டுவது, உரிய நொடியை நழுவவிடாத விழிப்பு.

இத்துறையில் உழைப்போருள் பலர் எந்த நிறுவனத்திலும் மாத ஊதியம் பெறுபவர் அல்லர். ஒருவர் அழைத்தால் சென்று, அந்த வேலைக்கு உரிய கூலியைப் பெற்றுத் திரும்புவர். அடுத்த அழைப்பு எப்போது வரும் என்பது உறுதியில்லை. இவ்வாறு பணிபுரிவோரை ‘ஃப்ரீலான்ஸ்’ ஒளிப்பதிவாளர் என்று வழக்கில் கூறுவர். தமிழில் தனித்தியங்கும் ஒளிப்பதிவாளர் எனலாம். திரையரங்குகளில் கதைப்படத்திற்கு முன் செய்திப்படம் காட்டப்பட்ட காலத்தில், வெளிநாட்டுச் செய்திப்பட நிறுவனங்களுக்கு இந்தியாவிலிருந்து காட்சிகளை அனுப்பியவர்களுள் இத்தகையோர் பலர் இருந்தனர்.

கோட்டையூர் முதல் நியூயார்க் வரை

ஏ. கே. செட்டியார் 1911ஆம் ஆண்டு, இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள கோட்டையூரில் பிறந்தார். கருப்பன் செட்டியார் என்பது அவரது இயற்பெயர். நகரத்தார் பலர் வணிகத்தின் பொருட்டுக் கடல்கடந்து பர்மாவுக்குச் சென்ற காலம் அது. செட்டியாரும் பர்மாவுக்குச் சென்றார். ஆனால் அங்கே அவர் கையில் எடுத்தது எழுதுகோல். இரங்கூனில் ‘தனவணிகன்’ என்னும் தமிழ் இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார்.

பின்னர் ஒளிப்படக் கலையைக் கற்க விரும்பி ஜப்பானுக்குச் சென்று டோக்கியோவில் பயின்றார். அதன்பின் அமெரிக்காவுக்குச் சென்று நியூயார்க்கிலும் அக்கலையைக் கற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறுகூட நிறைவுறவில்லை. பிறந்த ஊரைவிட்டு மொழி தெரியாத நாடுகளில் வாழ்ந்தபோதும் அவர் தமிழில் எழுதுவதை நிறுத்தவில்லை. அவருடைய பயண நூலாகிய ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940இல் வெளிவந்தது. அந்நூலின் பெயரே பிற்காலத்தில் அவரைக் குறிக்கும் பெயராகவும் வழங்கலாயிற்று.

கப்பலில் தோன்றிய எண்ணம்

1937ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள். செட்டியார் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்தின் டப்ளின் நகருக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அவருடைய வாழ்க்கையை ஓர் ஆவணப்படமாக எடுத்தால் என்ன என்னும் எண்ணம் அந்தக் கடற்பயணத்தின்போது அவருக்குத் தோன்றியது.

எண்ணம் எளிது, செயல் அரிது. காந்தியடிகளுக்கு அப்போது வயது 68. அவருடைய வாழ்வின் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் அவர் வாழ்ந்த காலமும், தண்டி நடைப்பயணமும், 1931இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றதும் பழங்கதைகளாகிவிட்டன. முடிந்துபோன நிகழ்ச்சிகளைப் புதிதாகப் படமெடுப்பது எங்ஙனம்? அவை நிகழ்ந்தபோதே எவரேனும் எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. ஆகவே, தாம் ஒருவராகவே படமெடுத்து இப்பணியை முடிக்க முடியாது என்பதைச் செட்டியார் உணர்ந்தார். முன்பே படமெடுத்தவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே அவருடைய முதல் வேலையாயிற்று.

இந்தியா திரும்பியபின் ‘டாக்குமெண்டரி ஃபிலிம்ஸ் லிமிடெட்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதிகளிலும், தென்னாப்பிரிக்காவிலும், ஐரோப்பாவிலும், அமெரிக்காவிலும் அவருடைய தேடல் நடந்தது. விமானப் பயணம் அரிதாயிருந்த அந்நாளில், கப்பலிலும் தொடர்வண்டியிலும் ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் பயணம் செய்தார். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகள் அவருடைய முயற்சியால் ஓரிடத்தில் சேர்ந்தன. அவற்றின் நீளம் 50,000 அடி. பாரிசில் ஒளிப்பதிவு பயின்று, இந்திய ஆவணப்படத் துறையின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கிய பி. வி. பதி, புதிய காட்சிகளைப் படமெடுப்பதில் செட்டியாருக்குத் துணைநின்றார்.

அடிக்கணக்கும் நேரக்கணக்கும்

படத்தை அடியால் அளப்பது ஏன்? அக்காலப் படம் நீண்ட சுருளாக இருந்தது. 35 மில்லிமீட்டர் அகலமுள்ள அச்சுருளின் ஓர் அடியில் 16 சிறுபடங்கள் அடங்கும். பேசும்படத்தில் ஒரு நொடிக்கு 24 சிறுபடங்கள் ஓடும். அதாவது, ஒரு நிமிடத்திற்கு 90 அடிச் சுருள் செலவாகும். செட்டியார் சேர்த்த 50,000 அடியையும் இவ்வேகத்தில் இடைவிடாது பார்ப்பதாயின் ஒன்பது மணி நேரத்திற்கும் மேலாகும். அதிலிருந்து 12,000 அடியை மட்டும் தேர்ந்தெடுத்து அவர் தம் படத்தை அமைத்தார். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே திரைக்கு வந்தது.

களத்தில் நின்ற ஒளிப்பதிவாளருக்கும் இந்த அடிக்கணக்கே ஓயாத கவலையாக இருந்தது. செய்திப்படக்காரர்கள் கையில் ஏந்திய சிறிய கருவிகளில் 100 அடிச் சுருள் பொருந்தும். அது ஒரு நிமிடத்திற்குச் சற்று அதிகமாகவே ஓடும். கருவி மின்சாரத்தால் இயங்காது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் வில்லை முறுக்கி இயக்க வேண்டும். சுருள் தீர்ந்தால், வெளிச்சம் படாமல் புதிய சுருளை மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் தலைவர் மேடையேறிவிட்டால் அக்காட்சி கைவிட்டுப் போயிற்று. சுருளின் விலையும் அதிகம். தனித்தியங்கும் ஒளிப்பதிவாளர் விரலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தம் கைப்பொருளையே செலவிட்டார். எதை எடுப்பது என்பதைவிட எதை எடுக்காமல் விடுவது என்பதே அவருக்குக் கடினமான முடிவாக இருந்தது.

பழைய காட்சிகளில் மனிதர்கள் ஓடுவதுபோல் நடப்பதைக் கண்டு நீங்கள் சிரித்திருக்கலாம். அதற்கும் காரணம் உண்டு. பேசாப்படக் காலத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 16 சிறுபடங்களே எடுக்கப்பட்டன. அவற்றை 24 என்னும் வேகத்தில் ஓட்டும்போது, மூன்று நொடியில் நிகழ்ந்தது இரண்டு நொடியில் முடிந்துவிடுகிறது. விரைந்தது மனிதர்களின் நடையன்று. படம் ஓடும் வேகமே.

காந்தியடிகளின் மூன்று விதிகள்

காந்தியடிகள் படக்கருவியை விரும்பியவர் அல்லர். அவருடைய உறவினரான கனு காந்தி ஆசிரமத்தில் தங்கி அவரை ஒளிப்படம் எடுக்க விரும்பியபோது, அவர் மூன்று விதிகளைக் கூறினார். மின்னொளி விளக்கைப் பயன்படுத்தக்கூடாது. படத்திற்காக நிற்குமாறோ அமருமாறோ கேட்கக்கூடாது. படமெடுக்கும் செலவுக்கு ஆசிரமம் பணம் தராது. கனு காந்தி இவற்றை ஏற்றுக்கொண்டார். ஜி. டி. பிர்லா அளித்த 100 ரூபாயைக் கொண்டு படக்கருவி ஒன்றை வாங்கினார்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞரான மார்கரெட் போர்க்-வைட் 1946இல் காந்தியடிகளைப் படமெடுக்க வந்தார். இராட்டையின் அருகில் அவரைப் படமெடுக்க வேண்டுமாயின், முதலில் இராட்டையில் நூற்கக் கற்க வேண்டும் என்று ஆசிரமத்தில் இருந்தோர் கூறினர். அவர் கற்றார். மின்னொளிக் குமிழ் மூன்றை மட்டும் பயன்படுத்த இசைவு கிடைத்தது. முதல் இரண்டு முயற்சிகள் வீணாயின. மூன்றாவதே கைகொடுத்தது. இராட்டையின் பின்னே காந்தியடிகள் அமர்ந்து படிக்கும் அப்படத்தை இன்று உலகமே அறியும்.

இவ்விருவரும் எடுத்தவை அசையாப் படங்கள். ஆயினும் அவர்கள் பெற்ற பாடம் ஆவணப்பட ஒளிப்பதிவாளர் அனைவருக்கும் உரியது. பிறர் வாழ்வுக்குள் படக்கருவியோடு நுழைபவர், அவ்வாழ்வின் ஒழுங்குக்குத் தாம் கட்டுப்பட வேண்டும். படத்திற்காக வாழ்வை வளைக்கலாகாது. மக்கள் நம்பி இசைந்தபின்பே படக்கருவிக்கு வழி திறக்கிறது.

வெளிவந்ததும் மறைந்ததும்

செட்டியாரின் ‘மகாத்மா காந்தி’ ஆவணப்படம் 1940ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னையில் தமிழ் விளக்கவுரையுடன் வெளியிடப்பட்டது. தெலுங்கு விளக்கவுரையுடனும் அது உருவாக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. நாடு அயலார் ஆட்சியில் இருந்தது. அந்நிலையில் காந்தியடிகளைப் பற்றிய முழுநீளப் படமொன்றைத் தமிழில் திரையிடுவதற்குத் துணிவு வேண்டியிருந்தது. விடுதலைக்குப்பின் இந்தி வடிவமும், 1953இல் அமெரிக்காவில் சுருக்கப்பட்ட ஆங்கில வடிவமும் வெளிவந்தன.

அதன்பின் நிகழ்ந்தது வருந்தத்தக்கது. ஓர் இலட்சம் மைல் அலைந்து சேர்த்த படத்தின் தமிழ் வடிவம் நாளடைவில் காணாமற்போயிற்று. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் தன்மையது. வெப்பமும் ஈரமும் பட்டால் சிதையும். குளிரூட்டிய அறையில் பேணப்படாத சுருள் தானே அழிந்துவிடும். வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி இப்படத்தைப் பல்லாண்டு தேடினார். இறுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலச் சுருக்க வடிவத்தைக் கண்டறிந்தார். தமிழர் ஒருவர் தமிழ் மக்களுக்காக எடுத்த படம், கடல்கடந்து வேற்றுமொழியில் மட்டுமே எஞ்சியது.

படம் மறைந்தாலும் அதை எடுத்த கதை மறையவில்லை. செட்டியார் 1943இல் ‘குமரி மலர்’ என்னும் இதழைத் தொடங்கித் தம் வாழ்நாள் முழுவதும் நடத்தினார். படமெடுத்த அனுபவங்களை அவ்விதழில் எழுதினார். அக்கட்டுரைகள் பின்னாளில் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாக வெளிவந்தன. அவர் 1983இல் மறைந்தார். தம்மை முன்னிறுத்திக்கொள்ள விரும்பாத அவர், பிறர் செய்த உதவியை மறவாமல் எழுதிவைத்தார். படச்சுருள் காக்கத் தவறியதை எழுத்து காத்தது.

யாரும் அனுப்பாதவர்கள் எடுத்த விடுதலை

இப்பணியின் அருமையை நம் நாட்டு வரலாறே மற்றுமொரு வகையில் உணர்த்துகிறது. போர்க்காலத்தில் இந்திய அரசு ‘இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா’ என்னும் படப்பிரிவை நடத்தியது. 1946இல் அது மூடப்பட்டது. மறு ஆண்டே நாடு விடுதலை பெற்றது. அந்த நள்ளிரவைப் பதிவு செய்ய அரசிடம் படப்பிரிவு ஏதும் இல்லை! தனியாரும் வெளிநாட்டுச் செய்திப்படக்காரரும் எடுத்த காட்சிகளாலேயே அந்நிகழ்ச்சி நமக்குக் கிடைத்தது. அரசின் ‘ஃபிலிம்ஸ் டிவிஷன்’ 1948இல்தான் தோன்றியது. நாட்டின் மிகப் பெரிய நாளைப் பதிவு செய்யும் பொறுப்பு, அரசு ஊதியம் பெறாத கைகளிடம் இருந்தது.

இன்றைய ஒளிப்பதிவாளர்

இப்போது ஐதராபாத்திற்கு வருவோம். நகரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் பூதான் போச்சம்பள்ளி உள்ளது. நூலை முதலில் கட்டிச் சாயமேற்றி, அதன்பின் நெய்யும் சேலைகளுக்குப் புகழ்பெற்ற ஊர் அது. அங்குள்ள நெசவாளரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கத் தனித்தியங்கும் ஒளிப்பதிவாளர் ஒருவர் அழைக்கப்படுவதாகக் கொள்வோம். அவருடைய ஒரு நாள் எவ்வாறு அமையும்?

முதல்நாள் இரவே மின்கலங்கள் அனைத்தையும் மின்னேற்றி வைக்கிறார். படக்கருவியோ வில்லையோ தமக்குச் சொந்தமில்லையெனில் நாள் வாடகைக்கு எடுத்து, கீறல் ஏதும் உள்ளதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்கிறார். விடியுமுன் புறப்படுகிறார், காலை வெயிலின் சாய்ந்த ஒளி நூலின் நிறத்தைத் தெளிவாகக் காட்டும். ஊரை அடைந்தவுடன் அவர் கருவியை வெளியே எடுப்பதில்லை. வீட்டாருடன் அமர்ந்து பேசுகிறார். யாருக்காக இப்படம், எங்கே காட்டப்படும் என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் கூறி இசைவு பெறுகிறார். வேலை செய்வோர் அவரது இருப்பை மறந்து தம் வேலையில் ஆழும்வரை காத்திருக்கிறார்.

அங்கே ‘ஆசு’ என்னும் வேலை உண்டு. அரைவட்டமாக அமைந்த முளைகளில் நூலைச் சுற்றும் அவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்துவந்தனர். ஒரு சேலைக்குத் தேவையான நூலைச் சுற்றக் கை ஏறத்தாழ 9,000 முறை முன்னும் பின்னும் சென்றுவர வேண்டும். தம் தாயின் தோள்வலியைக் கண்டு பொறாத சிந்தகிந்தி மல்லேசம் என்பவர், பல ஆண்டுகள் முயன்று இவ்வேலைக்கென ஓர் இயந்திரத்தை உருவாக்கித் தாயின் பெயரால் ‘லட்சுமி ஆசு இயந்திரம்’ என்று வழங்கினார். அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

கையால் ஆசு சுற்றும் ஒருவரை ஒளிப்பதிவாளர் எத்தனை நேரம் படமெடுப்பார்? ஐந்து நொடி எடுத்தால், நூல் சுற்றப்படுவது மட்டும் தெரியும். ஐந்து நிமிடம் கருவியை அசைக்காமல் வைத்திருந்தால், கை தளர்வதும், தோளை ஒருமுறை நீவிக்கொண்டு மீண்டும் தொடர்வதும் தெரியும். அந்த ஐந்து நிமிடமும் அவர் தோளும் வலிக்கும். படத்தொகுப்பாளர் இறுதியில் இருபது நொடியே எடுத்துக்கொள்ளக்கூடும். ஆயினும் அந்த இருபது நொடி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது முன்கூட்டித் தெரியாது. காத்திருந்தவருக்கே அது கிட்டும்.

மாலையில் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. எடுத்த காட்சிகளை நினைவக அட்டையிலிருந்து இரண்டு வன்தட்டுகளில் படியெடுக்கிறார். ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கும். ஒவ்வொரு காட்சியிலும் இருப்பவர் பெயர், இடம், நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுகிறார். அதன்பின்பே உணவு.

இத்தொழிலின் கடினங்கள் திரையில் தெரிவதில்லை. சில திங்களில் ஓய்வின்றி வேலை இருக்கும். சில திங்களில் ஒரு நாள் வேலையும் கிடைக்காது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அவ்வாறு காத்திருப்பதில்லை. வேலை முடித்துப் பல நாள் கழித்துப் பணம் வருவதும் உண்டு. ஆதலின், முன்பணம், நாள் கூலி, பயணச் செலவு, கருவி பழுதானால் யார் பொறுப்பு, படத்தில் தம் பெயர் இடம்பெறுமா என்பனவற்றை எழுத்தில் பெற்றுக்கொண்ட பின்பே அனுபவமுள்ளோர் புறப்படுகின்றனர். ஒளியைக் கையாளத் தெரிந்தால் மட்டும் போதாது. கணக்கும் ஒப்பந்தமும் தெரிந்திருக்க வேண்டும்.

பெயரை எழுதுவோம்

செட்டியார் தேடிச்சேர்த்த 50,000 அடியையும் எடுத்த நூறு பேருள் பெரும்பாலோரின் பெயர் இன்று பொதுமக்களுக்குத் தெரியாது. அவர்களுள் பலர், தாம் எடுப்பது வரலாறாகும் என்று எண்ணியிருக்கவும் மாட்டார்கள். அன்றைய கூலிக்கு அன்றைய வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். அந்த ஒழுங்கே நமக்கு வரலாறாகக் கிடைத்திருக்கிறது.

இன்று நம் வீடுதோறும் கைப்பேசியில் படக்கருவி உள்ளது. ஊரில் பாட்டி மாவாட்டுவதையும், தாத்தா பழைய கதை கூறுவதையும் விடுமுறையில் நாம் படமெடுக்கிறோம். ஆனால் எடுத்தவர் பெயரும், இடமும், நாளும் எழுதப்படாத படம், சில ஆண்டுகளில் எவருடையது என்று அறியப்படாத படமாகிவிடும். பிறந்த ஊரைவிட்டு வேற்றூரில் வாழும் குடும்பங்களுக்கு இது மேலும் பொருந்தும். படத்தில் இருப்பவர் பெயரை எழுதுங்கள். எடுத்தவர் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.

தெரிந்து தெளிவோம்

நம் இரட்டை நகரத்திற்கும் ஒளிப்பட வரலாற்றில் சிறப்பான இடமுண்டு. இராஜா தீன் தயாள் (1844–1905) 1886இல் செகந்திராபாத்தில் ஒளிப்பட நிலையம் ஒன்றை நிறுவினார். ஆறாம் நிசாம் மீர் மகபூப் அலி கானின் அரசவை ஒளிப்படக் கலைஞராகவும் விளங்கினார். திரைமறைவில் வாழ்ந்த பெண்களும் தயக்கமின்றிப் படமெடுத்துக்கொள்ளும் பொருட்டு, பெண்களுக்கென்றே தனி நிலையம் ஒன்றை 1892இல் ஐதராபாத்தில் தொடங்கினார்.

சொல்லும் பொருளும்

ஆவணம் – சான்றாக விளங்கும் பதிவு
அயலார் – வேற்று நாட்டார்
இசைவு – ஒப்புதல்
இயற்பெயர் – பெற்றோர் இட்ட பெயர்
எங்ஙனம் – எவ்வாறு
நீவுதல் – கையால் மெல்லத் தடவுதல்
பேணுதல் – பாதுகாத்தல்
பொறாத – தாங்கிக்கொள்ள இயலாத
முன்னோடி – வழிகாட்டியாய் முன் சென்றவர்
விளக்கவுரை – காட்சியை விளக்கிக் கூறும் உரை

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஏ. கே. செட்டியார் இரங்கூனில் ஆசிரியராகப் பணியாற்றிய இதழ்
அ) குமரி மலர் ஆ) தனவணிகன் இ) அண்ணல் அடிச்சுவட்டில் ஈ) உலகம் சுற்றும் தமிழன்

2. அரசின் ‘ஃபிலிம்ஸ் டிவிஷன்’ தோன்றிய ஆண்டு
அ) 1940 ஆ) 1946 இ) 1948 ஈ) 1953

3. ‘இருபத்தாறு’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது
அ) இருபது + ஆறு ஆ) இருபத்து + ஆறு இ) இரு + பத்தாறு ஈ) இருபத் + தாறு

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. கதைப்படத்திற்கும் ஆவணப்படத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கனு காந்திக்குக் காந்தியடிகள் கூறிய விதிகள் யாவை?
3. பழைய காட்சிகளில் மனிதர்கள் விரைந்து நடப்பதுபோல் தோன்றுவது ஏன்?
4. தனித்தியங்கும் ஒளிப்பதிவாளர் எவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்?

இ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.

1. தாம் ஒருவராகவே படமெடுத்துப் பணியை முடிக்க முடியாது என்று செட்டியார் உணர்ந்தது ஏன்?
2. ‘படச்சுருள் காக்கத் தவறியதை எழுத்து காத்தது’ – இத்தொடரை விளக்குக.
3. ஆசு சுற்றுபவரை ஐந்து நொடி எடுப்பதற்கும் ஐந்து நிமிடம் எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உம் சொற்களில் எழுதுக.

ஈ. கணக்கிட்டு எழுதுக.

ஒரு நிமிடத்திற்கு 90 அடி வீதம் ஓடினால், செட்டியாரின் 12,000 அடிப் படம் எத்தனை மணி, எத்தனை நிமிடம் ஓடும்? விடையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுக.

உ. மொழியோடு உறவாடு.

கண் – கன்னு, நூல் – நூலு, ஊர் – ஊரு, பெயர் – பேரு. தமிழுக்கும் தெலுங்குக்கும் உள்ள உறவை இச்சொற்கள் காட்டுகின்றன. இவைபோன்ற மேலும் ஐந்து சொல் இணைகளை உம் தெலுங்கு நண்பரிடம் கேட்டு எழுதுக.

ஊ. செயல்திட்டம்

உம் தெருவிலோ குடியிருப்பிலோ கையால் தொழில் செய்யும் ஒருவரைத் தேர்ந்தெடுக்க. தையற்காரர், பூத்தொடுப்பவர், காலணி தைப்பவர் என எவராகவும் இருக்கலாம். பெற்றோருடன் சென்று அவரிடம் முதலில் இசைவு பெறுக. அவரை நிற்குமாறோ திரும்புமாறோ கேட்காமல், கைப்பேசியை அசைக்காமல், மூன்று நிமிடம் அவருடைய கைகளை மட்டும் படமெடுக்க. பிறகு அவரிடமே அதைக் காட்டி, அவர் கூறுவதைக் கேட்டு எழுதுக. படத்தின் கீழ் அவர் பெயர், தொழில், இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகிய ஐந்தையும் தமிழில் குறித்து வகுப்பில் காட்டுக.